பசிக்கலைன்னு சொல்றவங்களுக்கு முதல் தட்டு!

"இன்னைக்கு ராத்திரி அடுப்பைப் பத்த வைக்காதே. எல்லோரும் வெளியே போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாம்!"

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். அன்றைக்கு நமக்கு நடையிலேயே ஒரு துள்ளல் வந்துவிடும். மாவு அரைக்க வேண்டாம், சட்னிக்குத் தேங்காய் துருவ வேண்டாம், கடைசியில் ஒன்பதரை மணிக்கு நின்று பாத்திரம் கழுவ வேண்டாம். மத்தியானமே எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவைத் திறந்து வைத்துக் கொண்டு நிற்போம். ஓட்டலில் என்ன சாப்பிடப் போகிறோம் என்பது கூட இரண்டாம் பட்சம்தான். உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரப் போகிறது பாருங்கள், அதுதான் சந்தோஷம்.

ஆனால் சகோதரிகளே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பிறந்த நாள், கல்யாண நாள், பிள்ளை பரீட்சையில் தேறிய நாள் என்று ஓட்டலுக்குப் போய்விட்டு வந்த பிறகு, "நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்" என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறீர்கள்? பாதி நேரம் பிள்ளைக்கு ஊட்டுவதிலும், மீதி நேரம் பில் எவ்வளவு ஆகுமோ என்று மனசுக்குள் கூட்டிப் பார்ப்பதிலும் போயிருக்கும். அல்லது யாராவது ஒருவர், "எனக்குப் பசிக்கலை, நீங்க சாப்பிடுங்க" என்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்.

அந்த "பசிக்கலை"யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தை எங்களை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டு போய்விடப் பார்த்தது.

திரைச்சீலை போட்ட அறை

நான் பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே மதுரைதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓட்டல் என்றால் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைதான். சித்திரைத் திருவிழா பார்க்கக் கூட்டத்தில் நடந்து கால் ஓய்ந்த பிறகு அப்பா எங்களை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போவார். அப்போது நிறைய ஓட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று ஒன்று இருக்கும். சின்னத் தடுப்பு, ஒரு பச்சைத் திரைச்சீலை, உள்ளே ஒரு மேஜை, மேலே கிர்ரென்று சத்தம் போடும் ஃபேன். பெண்கள் வெளி ஹாலில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்ட காலம் அது. திரையை இழுத்து விட்டுக் கொண்டால்தான் எங்கள் அம்மாவுக்கு இட்லி தொண்டையில் இறங்கும்.

இறங்கும் என்று சொல்கிறேனே தவிர, அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா எங்களுக்கு ஆளுக்கு ஒரு ரோஸ்ட் சொல்வார். அம்மாவைப் பார்த்து, "உனக்கு?" என்பார். "எனக்கு என்னமோ பசிக்கலைங்க. ஒரு காபி போதும்" என்பாள் அம்மா. நாங்கள் மிச்சம் வைத்த தோசை ஓரத்தைச் சாம்பார்க் கிண்ணத்தில் தோய்த்து வாயில் போட்டுக் கொள்வாள். வீட்டுக்கு வந்து, காலையில் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை மோரும் வெங்காயமுமாகச் சாப்பிடுவாள். "ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கறதில்லை" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. அதை ரொம்ப நாள் நான் நம்பிக் கொண்டிருந்தேன்! ஒரு ரோஸ்ட்டின் காசை மிச்சம் பிடித்திருக்கிறாள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் செய்த ஏற்பாடுகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். சென்னை கதீட்ரல் ரோட்டில் 1962-ல் ஆரம்பித்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் மரத்தடியில் நிறுத்திய காருக்கே ஸர்வர் டிபன் கொண்டு வந்து கொடுப்பார். காரை விட்டு இறங்காமலே குடும்பம் முழுவதும் சாப்பிடலாம். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. 1981-ல் கே.கே. நகரில் ஒற்றைக் கடையாக ஆரம்பித்த சரவண பவன் பிற்பாடு கடல் தாண்டியும் கிளை விட்டது. திரைச்சீலை அறைகள் மறைந்து, ஏ.சி. ஹாலில் பாட்டியிலிருந்து பேத்தி வரை கூச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடும் காலம் வந்துவிட்டது. "பசிக்கலை" மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் 20-வது கல்யாண நாள்

எங்களுக்குக் கல்யாணமாகி 20 வருஷம் நிறைந்த நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. "இந்த வருஷமாவது பெரிய ஓட்டலுக்குப் போவோம்" என்று பிள்ளைகள் பிடிவாதம். நான், வீட்டுக்காரர், பையன், பெண், என் மாமியார், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், அவளுடைய 2 வயதுக் குழந்தை, ஆக 7 பேர். அத்தைக்கு (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) அப்போது 72 வயது. 15 வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினமும் ராத்திரி ஏழே காலுக்கு மாத்திரை, ஏழரைக்கு 2 சப்பாத்தி அல்லது 3 இடியாப்பம். கடிகாரம் தப்பினாலும் தப்பும், அத்தை தப்ப மாட்டார்.

அன்றைக்கும் ஏழே காலுக்குப் பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுக் கொண்டுவிட்டார். "பத்து நிமிஷத்துல ஓட்டல், போனதும் சாப்பாடு" என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பி நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 8. வாசலில் நாற்காலி போட்டு வரிசையாக 20, 25 பேர் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி, அதோடு முகூர்த்த நாள் வேறு. பேரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். 7 பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்க 8.50 ஆகிவிட்டது. அப்புறம் மெனு கார்டைப் பிடுங்கிக் கொண்டு பிள்ளைகள் சண்டை. அவனுக்கு நூடுல்ஸ், இவளுக்குப் பன்னீர் என்று ஆர்டர் கொடுத்து முடிக்கவே 9.05. முதலில் சூப் வரும், பிறகு பொரித்த ஐட்டம் வரும், அதற்கப்புறம்தான் சாப்பாடு வரும் என்பது பெரிய ஓட்டல்களின் முறை. அத்தைக்குச் சொன்ன இடியாப்பம் கடைசி வரிசையில் நின்றது!

நடுவில் ஒரு தடவை கேட்டேன். "அத்தை, பசிக்குதா? சூப் கொஞ்சம் குடிக்கிறீங்களா?"

"எனக்குப் பசியே இல்லை தாயி. நீங்க சாப்பிடுங்க."

முகம் ஒரு மாதிரி இருந்தது. மெனு கார்டில் விலையைப் பார்த்துவிட்டு மனசு சங்கடப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன். ஏ.சி. காற்றில் எங்களுக்கெல்லாம் குளிர்கிறது, அத்தை மட்டும் முந்தானையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து விட்டுக் கொள்கிறார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பையன்தான் கத்தினான்: "அம்மா, அப்பத்தா கை நடுங்குதும்மா!"

தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் விரல்கள் ஆடின. "அத்தை, என்ன பண்ணுது?" என்று கேட்டால் சம்பந்தமில்லாமல், "கதவைச் சாத்தினியா?" என்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் காரைக் கொண்டு வர ஓடினார்.

பக்கத்து மேஜைக்குப் பரிமாறிக் கொண்டிருந்த வயதான ஸர்வர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார். "அம்மாவுக்குச் சுகர் உண்டா? மாத்திரை போட்டிருக்காங்களா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். ஓடிப் போய் அரை டம்ளர் தண்ணீரில் சீனியைக் கரைத்துக் கொண்டு வந்து, "மெதுவாக் குடிங்கம்மா" என்று கொடுத்தார். தன் தாயாருக்கும் இப்படி ஆகியிருக்கிறதாம். கால் மணி நேரத்தில் அத்தையின் முகம் தெளிந்தது. அதற்குள் சமையல்கட்டில் சொல்லி இடியாப்பத்தையும் வரவழைத்துவிட்டார். அந்த மனிதருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். எனக்கு அன்றைக்கு ஒரு வாய் கூட இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஏன் அத்தை, ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லக்கூடாதா?" என்று.

"நல்ல நாளும் அதுவுமா என்னால உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார். பேமிலி ரூமில் உட்கார்ந்திருந்த என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

டாக்டர் சொன்னது

மறுநாள் காலை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அத்தையைக் கூட்டிக் கொண்டு போனேன். அவர் திட்டியதில் பாதி எனக்குத்தான். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீடு இப்போது எங்கே இருக்கிறது?

இன்சுலின் போட்டுக் கொள்கிறவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும், மருந்து உள்ளே போய் சாப்பாடு போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை என்று கணக்கு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சில் குழப்பம் எல்லாம் அதற்கு அடையாளம். வயதானவர்களில் சிலருக்கு இந்த அடையாளங்கள் சரியாகத் தெரியாமலே குழப்பத்துக்குப் போய்விடுவார்களாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக இந்தப் பயம் குறைவு. உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார், வெளியே சாப்பிடும் நாளில் அதை எப்போது போடுவது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். நாமாக மாத்திரையை நிறுத்தவோ நேரத்தை மாற்றவோ கூடாது.

அப்படி இறங்கிவிட்டால், நினைவோடு விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அரை டம்ளர் பழ ஜூஸும் ஆகும். 15 நிமிஷம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு சும்மா விட்டுவிடாமல் சாப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு நாத்தனார் அவசரத்தில், "மைசூர்பாகு கேளுங்க அண்ணி" என்றாள். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். நெய் ஸ்வீட், சாக்லேட் எல்லாம் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யுமாம். வெறும் சீனித் தண்ணீர்தான் சட்டென்று ஏறும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரை ஏறிவிடும். உடனே 108-க்குப் போன் பண்ண வேண்டியதுதான்.

இன்னொன்றும் கேட்டார் டாக்டர். "விருந்து நாளில் ஸ்வீட் சாப்பிடப் போகிறேன் என்று ஒரு மாத்திரை கூடப் போட்டுக் கொள்ளும் பழக்கம் உண்டா?" அத்தை ஒன்றும் தெரியாதவர் போல் ஜன்னலைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! உங்கள் வீட்டிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு சின்ன டப்பியில் குளுக்கோஸ் பவுடர் இருக்கிறது. சீப்பு இல்லாமல் வெளியே போவேன், அது இல்லாமல் போக மாட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால்

கல்யாண நாளோ பிறந்த நாளோ அதே தேதியில் ராத்திரிதான் போக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. சனி, ஞாயிறு ராத்திரி, புத்தாண்டுக்கு முதல் நாள், தீபாவளியை ஒட்டிய நாட்கள் எல்லாம் கூட்டம் நெரியும். ஸர்வர்களுக்கும் மூச்சு விட நேரமிருக்காது. நாங்கள் இப்போதெல்லாம் கிழமை நாளில் மத்தியானம் 12 மணிக்கே போய்விடுகிறோம், அல்லது சாயந்திரம் ஆறரைக்கு. அந்த நேரத்தில் கடை கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கும். முந்தின நாளே போன் பண்ணி, "7 பேர், ஒரு பெரியவர், ஒரு குழந்தை, படி ஏறாத இடமாக வேண்டும்" என்று சொல்லிவிடலாம். கூச்சப்படாதீர்கள், கேட்டால் செய்து கொடுக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் மெனு கார்டைத் திறக்கு முன்னால் நான் ஸர்வரிடம் சொல்வது ஒன்றுதான். "முதல்ல அம்மாவுக்கு 3 இடியாப்பம் கொண்டு வந்துடுங்க, மத்தது மெதுவா வரட்டும்." இடியாப்பம், இட்லி, சப்பாத்தி போன்றவை சீக்கிரம் வந்துவிடும். மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதுதான் மரியாதை என்று பெரியவர்கள் காத்திருப்பார்கள். அந்த மரியாதையை அன்றைக்கு ஒரு நாள் மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள்!

'பஃபே' என்று 40, 50 ஐட்டம் வரிசையாக வைத்திருக்கும் இடங்கள் கல்யாண நாள் கூட்டத்துக்குப் பிடித்தமானவை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட வேண்டும் என்று நம் மனசு அடித்துக் கொள்ளும். அங்கே நான் பார்ப்பது ஆவி பறக்கிறதா என்பதைத்தான். சூடான பண்டம் கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், தயிர்ப் பச்சடி போன்றவை ஜில்லென்று இருக்க வேண்டும். இரண்டுங்கெட்டான் வெதுவெதுப்பில் கிருமி பெருகும். நறுக்கி வைத்து நேரமான பழம், பச்சைக் காய்கறி சாலட் பக்கம் நான் போவதே இல்லை. கண்ணெதிரே வார்த்துக் கொடுக்கும் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பதுதான் என் வழக்கம்.

சின்னக் குழந்தை இருந்தால்

இளம் தாய்மார்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக் கொண்டு, மறு கையால் ஆறிப்போன தோசையைப் பிய்த்துக் கொண்டு... நானும் அந்தப் பாடு பட்டவள்தான். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது என் ரோஸ்ட் எப்போதும் தோல் செருப்பு மாதிரி ஆன பிறகுதான் வாய்க்கு வரும்.

ஒரு தந்திரம் சொல்கிறேன். உங்கள் ஆர்டரை மற்றவர்களோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். முதலில் குழந்தைக்கு இட்லியோ தயிர் சாதமோ வரவழைத்து ஊட்டி முடியுங்கள். அதற்குள் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிடட்டும். பிறகு குழந்தை அவர் மடிக்குப் போகட்டும், உங்கள் தோசைக்கு அப்போது சொல்லுங்கள். கல்லிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வரும். "எல்லாரும் சாப்பிட்டாச்சு, உனக்காகக் காத்திருக்கோம்" என்று யாராவது முணுமுணுத்தால் காது கேட்காதது போல் இருந்துவிடுங்கள்! இத்தனை வருஷம் நாம் காத்திருக்கவில்லையா?

குழந்தை கைக்கு எட்டும் தூரத்தில் சூடான சாம்பார்க் கிண்ணம், காபி, சூப் எதையும் வைக்க விடாதீர்கள். ஒரு விநாடியில் இழுத்துக் கொட்டிக் கொண்டுவிடும். 5 வயதுக்குள் முழு வேர்க்கடலை, முந்திரி கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைத்துக் கொள்ளும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக் கூட ஆகாது. சாஸ் ஊற்றிய ஐட்டங்களில் உப்பு தாராளமாக இருக்கும், சிவப்புச் சிவப்பாக மின்னும் பொரியலில் கலர்ப் பொடி இருக்கும். இரண்டும் பிஞ்சு வயிற்றுக்கு வேண்டாமே.

இப்போது பிள்ளைகளுக்கு மயோனைஸ் மேல் ஒரு மோகம். பச்சை முட்டையில் அதைச் செய்யும்போது சால்மொனெல்லா கிருமி வர வழியுண்டு. அதனால்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது. முட்டை சேர்க்காததா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். பிறந்த நாளுக்கென்று வாயிலும் மூக்கிலும் புகை விடும் பிஸ்கட், ஐஸ்கிரீம் வந்ததே, அது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி! அது ஆவியாகாமல் வயிற்றுக்குள் போனால் குடல் புண்ணாகிவிடும். 2024-ல் நம் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்த பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. எங்கேயாவது கண்ணில் பட்டால் குழந்தையைத் தூக்கிக் கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

பில் வந்ததும்

பில்லை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டுச் சோம்பு மெல்லும் வழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது வாங்கிப் படிக்கிறேன். சாதாரண ஓட்டல்களில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2017 நவம்பர் முதல் 5 சதவிகிதம்தான் ஜி.எஸ்.டி. பில்லில் இரண்டரை, இரண்டரை என்று இரண்டு வரியாகப் போட்டிருப்பார்கள். ஒரு நாள் அறை வாடகையே 7,500 ரூபாய்க்கு மேல் போகும் நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவிகிதம். பெரிய ஓட்டல் ஆசையில் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

'சர்வீஸ் சார்ஜ்' என்று 5, 10 சதவிகிதம் தானாகச் சேர்த்திருந்தால் அது வரி இல்லை, ஓட்டல்காரர் போட்டுக் கொள்வது. அப்படித் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்று பணிவாகச் சொன்னால் போதும். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம். அதற்காக ஸர்வருக்கு ஒன்றும் வைக்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள். எங்கள் அத்தைக்குச் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தது கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் இல்லையே.

தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். கேட்காமலே மேஜையில் வைத்து மூடியைத் திருகப் போவார்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே 2017-ல் சொல்லிவிட்டது. நான் வீட்டிலிருந்து காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் கொண்டு போகிறேன், குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அளவு தெரியாமல் ஆர்டர் கொடுத்து மிஞ்சிப்போனால் பார்சல் கட்டச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். ஆனால் வாங்கிய பொட்டலத்தோடு கோயில், கடை என்று சுற்றாமல், 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுபடி கொதிக்கக் கொதிக்கச் சூடு செய்துதான் சாப்பிட வேண்டும். நம் ஊர் வெயிலில் காருக்குள் கிடந்த பிரைடு ரைஸைக் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று சாப்பிட்டு, மறுநாள் அதைவிடக் கூடுதலாக மருந்துக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வருஷம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அத்தை, "நான் வரலை, நீங்க போங்க. எனக்கு ரெண்டு இட்லி அவிச்சு வச்சுட்டுப் போ தாயி, போதும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் அவரை விட்டுவிட்டுத்தான் போனோம். போன இடத்தில் எனக்கு மனசு நிற்காது. வீட்டுக்காரர் வேறு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக் கொண்டே இருப்பார்.

இந்த வருஷம் நான் விடவில்லை. டாக்டரிடம் கேட்டு, ஓட்டலுக்குப் போகிற வேளையில் தட்டு கண்ணால் பார்த்த பிறகுதான் மாத்திரை என்று முடிவு செய்து கொண்டோம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் 12 மணி. காற்றோட்டமாக இருக்கும் நடுத்தரமான ஓட்டல்தான், ஏ.சி. கிடையாது. உட்கார்ந்து 7 நிமிஷத்தில் அத்தையின் இடியாப்பம் வந்துவிட்டது. தேங்காய்ப் பாலை ஒதுக்கிவிட்டுக் காய்கறிக் குருமாவைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்து, எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டுக் கொண்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். ஸர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, குருமாவுல சோம்பு தூக்கலா இருக்கு. ஆனா இடியாப்பம் பூ மாதிரி இருக்கு. இன்னொண்ணு கொண்டா" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் தாயி சும்மா உட்கார்ந்திருக்கே? தம்பி, இவளுக்கு நெய் ரோஸ்ட் ஒண்ணு, நல்லா முறுகலா!"